குடிகள் தேர்ந்த பல்லவமல்லன்

காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள், இருந்தும் கிடந்தும் நின்றும் பெருமாள் காட்சி தரும் மூன்றடுக்குக் கருவறையைக் கண்டு திரும்பிவிடுகிறார்கள். கருவறையைச் சுற்றி ஓடும் திருச்சுற்று மாளிகையில், சிங்கத்தூண்களுக்குப் பின்னே இருக்கும் சுவரைப் பார்க்கிறவர்கள் குறைவு. இரண்டு வரிசைகளாகச் செதுக்கப்பட்ட அந்தச் சுவரில் ஓர் அரச மரபின் வரலாறு முழுவதும் நடந்து போகிறது. பிரமனில் தொடங்கி பாரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் என்று இறங்கி, முடிசூட்டல்கள், யானைப்படை, குதிரைப்படை, தூது, முற்றுகை, கோயில் எடுத்தல் என்று விரிந்து, கடைசியில் ஒருவனிடம் வந்து நிற்கிறது. அவன் நந்திவர்மப் பல்லவமல்லன். ஏறத்தாழ 731இல் முடிசூடி, அறுபத்தைந்து ஆண்டு ஆண்டவன். இதுபோல் தன் மரபின் வரலாற்றைக் கோயில் சுவரில் தொடர்கதையாகச் செதுக்கிவைத்த அரசன் தமிழகத்தில் வேறு எவனும் இல்லை.

ஏன் செதுக்கினான் என்பதே என் கேள்வி. தந்தைக்குப் பின் மகனாக, எந்தத் தடையும் இல்லாமல் அரியணை ஏறியவனுக்கு இவ்வளவு நீளமான விளக்கம் தேவைப்படாது.

சிற்பத் தொகுதிகளில் சிலவற்றின் மேல் தமிழில் சிறு குறிப்புகள் வெட்டப்பட்டிருக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் நான்காம் தொகுதியில் அவை 135ஆம் எண்ணில் பதிப்பிக்கப்பட்டுள்ளன. உரைநடையில் அமைந்த அந்தக் குறிப்புகள் சொல்லும் செய்தி இது. பரமேசுவரப் போத்தரையர் விண்ணுலகம் சேர்ந்தபின் நாட்டுக்கு அரசன் இல்லை. மாத்ரர், மூலப்பிரகிருதிகள் எனப்பட்ட முதன்மைக் குடிகள், கடிகை என்னும் கல்விக்கழகத்தைச் சேர்ந்த கடிகையார் ஆகியோர் இரணியவர்ம மகாராசரிடம் போகிறார்கள். ஆளத் தகுந்த ஒருவரைத் தர வேண்டும் என்று கேட்கிறார்கள். இரணியவர்மன் முதலில் குலத்துப் பெரியவர்களைக் கூட்டி, யார் போகிறீர்கள் என்கிறான், ஒருவரும் முன்வரவில்லை. பிறகு தன் நான்கு மக்களைக் கேட்கிறான். சிறீமல்லன், இரணமல்லன், சங்கிராமமல்லன் மூவரும் மறுக்கிறார்கள். நான்காமவன் பல்லவமல்லன், பன்னிரண்டு வயதுப் பிள்ளை, நான் போகிறேன் என்று எழுந்து நிற்கிறான்.

தந்தைக்கு மனம் ஒப்பவில்லை. இங்கே குறிப்பெழுதியவர் ஓர் உயிருள்ள நிகழ்ச்சியைச் சேர்க்கிறார். இரணியவர்மன் முன் கொண்டுவந்து வைக்கப்பட்டவை அவன் கண்ணுக்கு யானைத் தலைகளாகத் தெரிகின்றன. தரணிகொண்ட போசர் என்பவர், அவை யானைத் தலைகள் அல்ல, உன் மகன் சூடப்போகும் மகுடங்கள் என்று தெளிவிக்கிறார். அச்சமும் ஆவலும் கலந்த ஒரு தந்தையின் தயக்கம் கல்லில் ஏறியிருக்கிறது. அரச விளம்பரத்துக்கு இந்தத் தயக்கம் தேவையே இல்லை. ஆனாலும் அதை வெட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளையைக் கொடுத்த வீட்டார் பேராசையால் கொடுக்கவில்லை, கேட்டு வந்ததால் கொடுத்தார்கள் என்று காட்ட அது உதவியிருக்கிறது.

சிறுவன் புறப்படுகிறான். பல மலைகளையும் ஆறுகளையும் அடர்ந்த காடுகளையும் கடந்து வருகிறான். வருகிற செய்தி கேட்டுப் பல்லவடி அரையர் என்ற பெருந்தலைவர் பெரும்படையோடு எதிர்கொண்டு, யானைமேல் ஏற்றிக் காஞ்சிக்குக் கொண்டுவருகிறார். மகாசாமந்தர், நகரத்தார், மூலப்பிரகிருதிகள், காடக்க முத்தரையர் ஆகியோர் வரவேற்று அரண்மனைக்குள் புகவிடுகிறார்கள். நந்திவர்மன் என்ற பெயரும், கட்வாங்கக் கொடியும், சமுத்திரகோஷம் என்னும் முரசும், விடேல்விடுகு என்ற ஆணைப் பெயரும் அவனுக்கு உரியவையாகின்றன.

நந்திவர்மன் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்னன், எட்டாம் நூற்றாண்டிலேயே காஞ்சியில் குடியாட்சி இருந்தது என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதற்கு எதிர்க்கரையில், அவன் அரியணையைப் பறித்தவன், தேர்தல் என்பது பறித்தபின் கட்டிய கதை என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சுவரை மட்டும் பார்த்துவிட்டு, மற்ற சான்றுகளை அதன் அருகில் வைத்துப் பார்க்காமல் முடிவுக்கு வருவதாகவே எனக்குப் படுகிறது. பல்லவமல்லனைப் பற்றி அவனுடைய செப்பேடுகள் பேசுகின்றன, அவனுடைய படைத்தலைவனின் புகழ் பேசும் செப்பேடு பேசுகிறது, அவனை அடித்த பாண்டியரும் சாளுக்கியரும் பேசுகிறார்கள். அந்தக் காலத்து அரசன் ஒருவனைப் பற்றி இத்தனை திசைகளிலிருந்து குரல் கேட்பது பெரும்பேறு.

அது எவ்வளவு பெரிய பேறு என்பதை உணர, பிரிட்டன் தீவின் வடபகுதியைப் பார்க்கலாம். இன்றைய ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றங்கரையில், டம்பார்ட்டன் பாறைமேல், வட பிரித்தானியரின் அரசு ஒன்று இருந்தது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஆண்ட ரித்தெர்க் என்பவன் புகழ்பெற்றவன். அவனுடைய சொந்தக் கல்வெட்டு ஒன்றும் இல்லை. ஆவணம் ஒன்றும் இல்லை. அவன் இறந்து சுமார் நூறாண்டு கழித்து அடொம்னான் என்ற மடத்தலைவர் எழுதிய புனித கொலம்பாவின் வரலாற்றில் ஓர் இடத்தில் வருகிறான். பகைவர் கையால் சாவேனா என்று கேட்டு அனுப்புகிறான். தன் வீட்டில் தன் தலையணைமேல் சாவான் என்று துறவி விடை சொல்கிறார். அதற்கப்பால் இருப்பது பத்தாம் நூற்றாண்டில் வேல்சில் தொகுத்த ஒரு வம்சாவளிப் பட்டியலும், பின்னாள் பாடல்களும் கதைகளும்தான். அதே பாறைக்கோட்டை 756 ஆகஸ்டில் பிக்ட் அரசன் ஓங்கசுக்கும் நார்தம்பிரிய அரசன் ஈட்பெர்ட்டுக்கும் பணிந்தது என்பதையும் வெளியூர் மடத்து ஆண்டுக்குறிப்பிலிருந்தே அறிகிறோம். அந்த ஆண்டில் காஞ்சியில் நந்திவர்மனின் ஆட்சி இருபத்தைந்தாம் ஆண்டை ஒட்டி நடந்துகொண்டிருந்தது. அங்கே கோட்டை பணிந்தவர்களின் வாய்மொழி ஒரு வரிகூட மிஞ்சவில்லை. இங்கே வென்றவன் வாய்மொழியும், அவனிடம் தோற்றவர், அவனைத் தோற்கடித்தவர் வாய்மொழியும் கிடைக்கின்றன.

முதலில் அவன் வருவதற்கு முந்தைய நிலைமை. கைலாசநாதர் கோயிலை எடுத்த இராசசிம்மனுக்குப் பின் அவன் மகன் இரண்டாம் பரமேசுவரவர்மன் காஞ்சியில் ஆண்டான். சாளுக்கிய விசயாதித்தனின் முப்பத்தைந்தாம் ஆட்சியாண்டில், அதாவது 731ஐ ஒட்டி, வெட்டப்பட்ட உள்சாலா கல்வெட்டு, இளவரசன் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்று பரமேசுவரனிடம் திறை வாங்கியதைச் சொல்கிறது. கங்கர்களின் செப்பேடுகளோ, கங்க அரசன் சிறீபுருடன் காடுவெட்டி என்ற பட்டம் கொண்ட காஞ்சி அரசனை விளந்தையில் கொன்று, வெண்கொற்றக் குடையையும் பெருமானடி என்ற பட்டத்தையும் கைப்பற்றினான் என்கின்றன. கொல்லப்பட்டவன் இந்தப் பரமேசுவரனே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. திறை கட்டிய அவமானம், போரில் அரசனின் சாவு, குடை பறிபோதல் எல்லாம் சில மாதங்களுக்குள் நடந்திருக்க வேண்டும். தலைநகர் அரசனில்லாமல் நின்ற அந்த நேரத்தில்தான் தூது புறப்படுகிறது. இரணியவர்மனின் குலப் பெரியவர்களும் மூத்த மக்கள் மூவரும் வர மறுத்தது இந்த இடத்தில் பொருள்படுகிறது. காஞ்சி அரியணை அப்போது விரும்பி ஏறக்கூடிய இடமாக இருக்கவில்லை.

இனிச் செப்பேடுகள். காரைக்கால் அருகே காசாக்குடியில் 1879இல் கிடைத்த செப்பேடுகள் நந்திவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் அவற்றைப் பதிப்பித்தார். வடமொழிப் பகுதியை யாத்தவர் திரிவிக்கிரமன். சிம்மவிட்டுணு, மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் என்று பரமேசுவரவர்மன் வரை சொல்லிவிட்டு, இப்போது அந்த நாட்டை ஆள்கிறவன் குடிகளால் தேர்ந்துகொள்ளப்பட்டவன் என்று ஒரே தொடரில் கூறுகிறது. அடுத்து அவனுடைய சொந்த வழியைத் தருகிறது. சிம்மவிட்டுணுவின் தம்பி பீமவர்மன், அவனுக்குப் புத்தவர்மன், பின் ஆதித்தவர்மன், கோவிந்தவர்மன், இரணியவர்மன், இரணியனுக்கும் உரோகிணிக்கும் பிறந்தவன் நந்திவர்மன். ஆக, காஞ்சியில் ஆண்ட கிளையும் இவன் வந்த கிளையும் பிரிந்து ஆறு தலைமுறை, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டிருந்தது. சுவர் சொல்வதையும் செப்பேடு சொல்வதையும் இணைத்துப் பார்த்தால் மையச் செய்தி ஒன்றே. செப்பேட்டில் தூதும் இல்லை, தயங்கும் தந்தையும் இல்லை. தேர்வு என்ற செய்தி மட்டும் இருக்கிறது.

இதற்கு ஓராண்டு முன், 21ஆம் ஆட்சியாண்டில் எழுந்ததாகச் சொல்லும் உதயேந்திரம் செப்பேடு வேறு கதை சொல்கிறது. அதன்படி நந்திவர்மன் இரண்டாம் பரமேசுவரவர்மனின் மகன்! ஓராண்டு இடைவெளியில் ஒரே அரசனுக்கு இரண்டு தந்தையர். உதயேந்திரம் ஏட்டின் எழுத்தமைதி பிந்தியது, தொலைந்துபோன மூலத்திலிருந்து பின்னாளில் எழுதிய படியாக அது இருக்க வேண்டும் என்று ஹூல்ஷ் கருதினார். படியெடுத்தவர் தவறு என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. வம்சம் சொல்லும் செய்யுள்களின் பழக்கமே இந்தத் தவறை விளைத்திருக்கலாம். ஒருவனுக்குப் பின் அவன் மகன், அவனுக்குப் பின் அவன் மகன் என்ற ஓட்டத்தில், பரமேசுவரனுக்குப் பின் நந்தி என்று வரும்போது மகன் என்ற சொல் தானாக வந்து விழுந்துவிடும். ஏடு எழுதுகிறவர் கைக்கு இவ்வளவு பழகிப்போன சொல்லை விலக்கி, இவன் அவனுக்கு மகன் அல்லன் என்று காசாக்குடி ஏடு நின்று சொல்கிறது. மகன் என்று எழுதிவிடுவது அரசனுக்கு மிக எளிது. மெய்யை மறைக்க விரும்பியவன் அதைத்தான் செய்திருப்பான். நந்திவர்மனின் அவை அந்த எளிய வழியை எடுக்கவில்லை. இதனாலேயே தேர்வுக் கதையை முழுப் புனைவு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் அந்தத் தேர்வை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. அதே உதயேந்திரம் ஏடுதான் இதற்குச் சாட்சி. அந்த ஏட்டின் நாயகன் உண்மையில் அரசன் அல்லன். வேகவதி ஆற்றங்கரை வில்வலபுரத்தின் தலைவனும், பூசான் குலத்தவனுமான படைத்தலைவன் உதயசந்திரன். தமிழ் அரசர்கள் நந்திபுரத்தில் நந்திவர்மனை முற்றுகையிட்டபோது அவர்களை முறியடித்து அவனை மீட்டவன் இவன். சித்திரமாயன் என்பவனையும் மற்றவர்களையும் தன் வாளால் வெட்டியவன். நந்திபுரம் கும்பகோணத்தை அடுத்த இன்றைய நாதன்கோயில் பகுதி. திருமங்கையாழ்வார் பாடிய நந்திபுர விண்ணகரம் அங்கே இருக்கிறது. சித்திரமாயன் பரமேசுவரவர்மனின் மகனாகவோ நெருங்கிய உறவினனாகவோ இருந்து, அரியணை தனக்கு உரியது என்று பாண்டியரிடம் போய்த் துணை கேட்டிருப்பான் என்பது வரலாற்றறிஞர்களின் பழைய ஊகம். ஏடு அவ்வாறு சொல்லவில்லை. ஆனால் ஒரு படைத்தலைவன் தன் சாதனைப் பட்டியலில் ஒருவனைப் பெயர் சொல்லி வெட்டியதாகக் குறிக்கும்போது, அந்தப் பெயர் கேட்டவர்களுக்குத் தெரிந்த பெயராக இருந்திருக்க வேண்டும். ஊகத்துக்கு அந்த அளவு இடம் உண்டு.

அந்தப் பட்டியல் நெடியது. நிம்பவனம், சூதவனம், சங்கரகிராமம், நெல்லூர், நெல்வேலி, சூறாவழுந்தூர் என்று போர்க்களங்கள். அவன் வென்றவர்களில் ஒருவன் சபரர் தலைவன் உதயணன். இன்னொருவன் அசுவமேதக் குதிரையின் பின்னே வந்த நிடாதர் தலைவன் பிருதிவிவியாக்கிரன். பாண்டியர் பக்கக் கணக்கு வேள்விக்குடிச் செப்பேட்டில் இருக்கிறது. மாறவர்மன் இராசசிம்மன் பல்லவமல்லனைக் குழும்பூரில் புறங்காட்டச் செய்து, எண்ணற்ற யானைகளையும் குதிரைகளையும் கவர்ந்தான் என்று அது பெருமை பேசுகிறது. தோற்றவனைப் பல்லவமல்லன் என்று பெயர் சுட்டிச் சொல்வதைக் கவனிக்க வேண்டும். பகைவன் நாவிலும் நிலைத்த பெயர் அது. தேர்ந்தெடுத்த கூட்டம் ஒரு சிறுவனுக்குக் கொடுத்தது உரிமையை மட்டும்தான். அந்த உரிமையை நிறுத்திக்கொள்ள அவன் இருபது ஆண்டு போராட வேண்டியிருந்தது. உதயசந்திரன் போன்ற ஒருவன் இல்லாவிட்டால் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் வெறும் சுவராகவே இருந்திருக்கும்.

இடையில் காஞ்சியே ஒருமுறை கைவிட்டுப் போனது. சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன், தன் ஆட்சிக் காலமான 733க்கும் 744க்கும் இடையில், பெரும்படையோடு வந்து நந்திவர்மனை ஓட்டி நகருக்குள் புகுந்தான். அவன் மகன் கீர்த்திவர்மன் 750இல் வெளியிட்ட கேந்தூர்ச் செப்பேடு, கடுமுகவாத்தியம், சமுத்திரகோஷம், கட்வாங்கக் கொடி, யானைகள், மாணிக்கக் குவியல்கள் ஆகியவற்றைக் கவர்ந்ததைப் பட்டியலிடுகிறது. இவற்றில் சமுத்திரகோஷமும் கட்வாங்கக் கொடியும் முடிசூட்டும்போது சிறுவனுக்குத் தந்ததாகச் சுவர் காட்டும் அதே அரச சின்னங்கள்தான். நகரத்தை விக்கிரமாதித்தன் அழிக்கவில்லை. கைலாசநாதர் கோயிலாகிய இராசசிம்மேசுவரத்தின் பொருள்களைப் பார்த்துவிட்டு அவற்றைக் கோயிலுக்கே திருப்பித் தந்தான். இதற்குச் சான்றான கன்னடக் கல்வெட்டு இன்றும் கைலாசநாதர் கோயில் முன்மண்டபத் தூணில் இருக்கிறது. காஞ்சி வெற்றியின் நினைவாக அவன் தேவியர் பட்டடக்கல்லில் இரண்டு பெருங்கோயில்களை எடுத்தார்கள். உலோகமாதேவி எடுத்ததே இன்றைய விரூபாட்சர் கோயில்.

அந்தக் கன்னடக் கல்வெட்டின் கடைசி வரிகள் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைப்பவை. இந்த அறத்தை அழிப்பவன் என்ன பாவத்துக்கு ஆளாவான் என்று சொல்லும் இடத்தில், வழக்கமான கங்கைக்கரைப் பசுக்கொலையைச் சொல்லாமல், இந்த நகரத்துக் கடிகை மகாசனங்களைக் கொன்றவர் அடையும் உலகை அடைவான் என்று எழுதியிருக்கிறது. வென்று நுழைந்த அயல்நாட்டு அரசன், காஞ்சியில் யார் பெயரைச் சொன்னால் மக்கள் நடுங்குவார்கள் என்று அறிந்து வைத்திருக்கிறான். இரணியவர்மனிடம் தூது போனவர்களில் கடிகையாரும் இருந்தார்கள் என்று சுவர் சொல்வதை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாததற்கு இதுவே காரணம். பகை அரசின் கல்வெட்டு, அறியாமலே, பல்லவச் சுவரின் கூற்றுக்கு வலுவூட்டுகிறது.

கடிகை என்பது வேதமும் சாத்திரமும் கற்ற உயர்கல்விக் கழகம். நான்காம் நூற்றாண்டிலேயே மயூரசன்மன் தன் ஆசிரியரோடு காஞ்சிக் கடிகையில் கற்க வந்ததையும், பல்லவக் குதிரைவீரனோடு நேர்ந்த பூசலால் வாளெடுத்துக் கடம்ப அரசை நிறுவியதையும் தாளகுண்டாக் கல்வெட்டு சொல்கிறது. இராசசிம்மன் இந்தக் கடிகையை மீண்டும் நிலைநாட்டினான் என்று வேலூர்ப்பாளையம் செப்பேடு பாராட்டுகிறது. இரண்டு தலைமுறைக்குள் அந்தக் கடிகையார் அரசனைத் தேடிப் புறப்படும் அளவுக்கு ஓங்கி நின்றார்கள்.

வரவேற்ற கூட்டத்தில் நகரத்தார் இருந்ததும் தற்செயல் அல்ல. இங்கே நகரம் என்பது வணிகரும் கைத்தொழிலாளரும் சேர்ந்த ஊராட்சி அமைப்பு. காஞ்சியில் அதன் வலிமையைப் பிற்காலச் சான்று ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. உத்தமசோழனின் 16ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடுகளின்படி, கச்சிப்பேட்டின் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியர் என்ற நெசவாளர்கள் ஊரகப் பெருமாள் கோயிலின் பொருளையும் கணக்கையும் கண்காணிக்கும் பொறுப்பைப் பெற்றார்கள். அது பல்லவமல்லனுக்கு இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியது. அப்படியே பின்னோக்கி ஏற்றிவிடக்கூடாது. ஆனால் அவன் காலத்துச் சான்றும் உண்டு. காசாக்குடி ஏடு ஊற்றுக்காட்டுக் கோட்டத்துக் கொடுகொள்ளி என்ற ஊரை ஏகதீரமங்கலம் என்று பெயர் மாற்றிச் சேட்டபாத சோமயாசிக்குப் பிரமதேயமாகத் தந்தது. அதன் தமிழ்ப் பகுதி, அரசன் விட்டுக்கொடுக்கும் வருவாய்களை அடுக்குகிறது. செக்கு, தறி, குசக்காணம், நெய்விலை, புட்டகவிலை என்று போகும் அந்தப் பட்டியலில் தறிக்கும் துணிக்கும் தனித்தனியாக இறை இருக்கிறது. காஞ்சியைச் சுற்றிய சிற்றூரின் தறியோசை அரசின் கருவூலம் வரை எட்டியது. அந்தப் பொருளியல் வலுவோடுதான் நகரத்தார் அரண்மனை வாயிலில் நின்றார்கள்.

ஆகவே அரசனைத் தேர்ந்தவர்கள் குடிமக்கள் அனைவரும் அல்லர். கற்றவர், வணிகர், அதிகாரிகள், படையுடைய தலைவர்கள் ஆகியோர் சேர்ந்த ஒரு வட்டம் அது. உழுதவரும் நெய்தவரும் தூது போகவில்லை. குடியாட்சி என்ற பெயரை இதற்குச் சூட்டுவது அந்தப் பெயருக்கும் நியாயமில்லை, அந்தக் காலத்துக்கும் நியாயமில்லை. ஆனால் அந்த வட்டத்தின் இசைவு இல்லாமல் காஞ்சியில் ஒருவன் அரசனாக முடியாது என்ற நிலை இருந்தது என்பதை இந்தச் சான்றுகள் உறுதிப்படுத்துகின்றன. தமிழக அரசியல் வரலாற்றில் அது சிறிய செய்தி அல்ல.

அதே நூற்றாண்டில் இது வேறு இடங்களிலும் நடந்தது. வங்காளத்தில் ஏறத்தாழ 750இல், பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் அராசகத்தை முடிக்கக் கோபாலனைப் பிரகிருதிகள் எனப்பட்ட குடிகள் அரசனாக்கினார்கள் என்று அவன் மகன் தருமபாலனின் காலிம்பூர்ச் செப்பேடு சொல்கிறது. பிராங்கு நாட்டில் 751இல் பழைய அரச மரபை ஒதுக்கிவிட்டு, பிரபுக்கள் கூடிப் பெப்பினை அரசனாக ஏற்றார்கள். சார்லமேன் அவன் மகன். மூன்றிலும் பழைய கிளை முடிகிறது அல்லது ஒதுக்கப்படுகிறது, புதிய ஒருவன் வருகிறான், அவன் வந்தது பலர் இசைவால் என்று அவன் வீட்டாரே எழுதி வைக்கிறார்கள். தேர்வைப் பற்றிய சான்று எப்போதும் தேர்வால் பயன்பெற்றவரிடமிருந்தே வருகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனாலும் தெய்வம் தந்தது, வாள் தந்தது என்பதோடு நிற்காமல், மக்கள் இசைந்தார்கள் என்றும் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடி இந்த மூவருக்கும் இருந்திருக்கிறது. கேட்கிறவர்கள் அதை எதிர்பார்த்தார்கள்.

பீமவர்மன் வழியினர் எங்கே வாழ்ந்தார்கள் என்ற கேள்விக்கு, கம்போடியா அல்லது சம்பா என்று விடை சொல்லும் வழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. இணையப் பதிவுகளில் அது முடிந்த முடிவாகவே வந்துவிட்டது. கடல் கடந்த தமிழர் பெருமையில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் சுவரின் குறிப்பு மலை, ஆறு, காடு என்று வழியை விவரிக்கிறது. அதில் கடல் இல்லை. கப்பலில் வந்த பன்னிரண்டு வயது அரசகுமாரனைப் பற்றிக் கதை செதுக்குகிறவர், வழியின் துன்பங்களை அடுக்கும்போது கடலை மறந்துவிடுவாரா? பீமவர்மன் கிளை தென்னிந்தியாவுக்குள்ளேயே ஏதோ ஒரு சிறு பகுதியை ஆண்டுகொண்டிருந்தது என்று கொள்வதே குறிப்போடு பொருந்துகிறது.

இந்தச் சுவரைப் படிக்கத் தந்தவர் சி. மீனாட்சி. பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்வையும் பற்றிய அவருடைய நூல் 1938இல் வந்தது. வைகுண்டப் பெருமாள் கோயிலின் வரலாற்றுச் சிற்பங்களைப் பற்றிய நூல், இந்தியத் தொல்லியல் துறையின் 63ஆம் நினைவு வெளியீடாக 1941இல் அச்சேறியபோது அவர் உயிரோடு இல்லை; முப்பத்தைந்து வயதை ஒட்டி, 1940இல் மறைந்துவிட்டார். தொகுதி தொகுதியாக நின்று, எந்த உருவம் யார், எது முடிசூட்டல், எது தூது என்று அவர் அடையாளம் கண்டு எழுதியதன்மேல்தான் இன்றுவரை எல்லோரும் நடக்கிறார்கள். காஞ்சியில் அவர் பெயரைச் சொல்லும் ஒரு பலகையாவது அந்தத் திருச்சுற்றில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். கோயிலின் கல் பெரும்பாலும் மணற்கல். ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கும் மேலான வெயிலும் மழையும் அதை அரித்திருக்கின்றன. முகங்கள் மழுங்கிய தொகுதிகளும், விளிம்பு உதிர்ந்த உருவங்களும் பல. மீனாட்சி கண்ட விவரங்களை நாளைய ஆய்வாளர் காண வேண்டுமானால், ஒவ்வொரு தொகுதியையும் எழுத்துக்குறிப்போடு சேர்த்து முப்பரிமாணப் பதிவாக எடுத்து, தமிழ் விளக்கத்தோடு எல்லோருக்கும் திறந்துவைக்க வேண்டும். ஏட்டில் படித்த வரலாற்றைக் கல்லில் பார்க்கும் வாய்ப்பு தமிழ் மாணவர்களுக்கு வேறெங்கே இவ்வளவு அருகில் இருக்கிறது?

கோயிலின் காலத்துக்கு இன்னொரு சாட்சி திருமங்கையாழ்வார். பரமேச்சுர விண்ணகரம் என்ற பெயரால் இதைப் பாடிய அவருடைய பதிகம், பல்லவர்கோன் பணிந்து ஏத்தும் இடமாக இதைப் போற்றுகிறது. அவனுடைய போர் வெற்றிகளையும் அது நினைவுகூர்கிறது. அரசனின் அவைக்கவி அல்லாத ஒரு பக்தர் அரசனின் வெற்றிகளை இறைவன் பாட்டில் வைத்தார் என்றால், அந்த வெற்றிகள் நாட்டுப் பேச்சாக இருந்திருக்கின்றன. பன்னிரண்டு வயதில் அயலூரிலிருந்து வந்தவன், அதற்குள் காஞ்சிக்கு அயலவனாக இல்லை.

ஆட்சியின் பிற்பாதி ஒப்பீட்டளவில் அமைதியானது. தண்டந்தோட்டம் செப்பேடு 58ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கங்கனிடமிருந்து நந்திவர்மன் உக்கிரோதயம் என்ற மணி பதித்த ஆரத்தைப் பறித்ததை அது சொல்கிறது. சிறீபுருடன் பறித்துப்போன குடைக்கு, காலம் கடந்து எடுத்துக்கொண்ட ஈடு என்று இதைக் கொள்ளலாம். அதே ஏடு பிராமணர் முந்நூற்றெண்மருக்கு ஊர் தந்ததோடு, கோயிலில் பாரதம் வாசிப்பவருக்கும் பங்கு ஒதுக்கியது. மாமல்லபுரத்து ஆதிவராகர் கோயில் கல்வெட்டு 65ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. காஞ்சியில் அவனளவு நீண்டகாலம் ஆண்ட பல்லவர் வேறு இல்லை.

அவனுக்கும் இரேவா என்ற தேவிக்கும் பிறந்த தந்திவர்மன் அடுத்து அரசனானான். அந்தப் பெயரும் தாயின் பெயரும் இராட்டிரகூட உறவைக் காட்டுகின்றன என்பர். தந்திவர்மனுக்கு அரியணையைத் தேர்ந்து தந்ததாக எந்தச் செப்பேடும் சொல்லவில்லை. நந்திக்கு மகன் என்பதே போதுமானதாக இருந்தது. காஞ்சிக் கடிகையாரும் நகரத்தாரும் பல்லவ அரசன் ஒருவனைத் தேடிப் புறப்பட்டதாக நமக்குக் கிடைத்த சான்றுகளில் அது ஒருமுறைதான்.